நாச்சிமுத்து வண்டியில ஓட்டை எங்க

குருவும் சீடனும் வர்ற கதைன்னு சொன்னதுமே அந்தப் பக்கம் ரெண்டு பேரு கண்ணை மூடி உக்காந்துட்டீங்க. தொறங்க.

ஆலமரம் வராது. ஆத்தங்கரை வராது. நடுவுல மான் ஓடாது. குருவுக்குத் தாடி கெடையாது.

தாடி கெடையாதுன்னா மழிச்சுட்டாருன்னு நெனைக்காதீங்க. குரு ஒரு பொம்பளை. பேரு பூங்கோதை. காங்கேயம் தாண்டிக் கரூர் ரோட்டுல கார் ஏசி பாக்கற பட்டறை வெச்சிருக்குது. வயசு முப்பத்தி சொச்சம். காவி வேணுமுன்னா, பட்டறை வாசல்ல ரொம்ப நாளா நிக்கற ஒரு லாரியில துரு இருக்குது, அதைப் பாத்துக்கங்க.

சீடனுக்கு அம்பதைத் தாண்டியாச்சு. பேரு நாச்சிமுத்து. தேங்காக் களம் வெச்சிருக்கறவரு. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வெள்ளைக் காரு.

மோட்சம் கேட்டு வரலைங்க. குளிர் கேட்டு வந்தாரு.

"அம்மிணி, என்ற வண்டியில குளிர் நிக்க மாட்டேங்குது."

பூங்கோதை பானட்டைத் தூக்கி ஒரு மீட்டரை மாட்டிப் பாத்துச்சு. கழட்டுச்சு.

"கேஸ் இல்லீங்ணா."

"அப்ப அடிச்சு உடு."

"போன கேஸ் எந்த வழியாப் போச்சுன்னு தெரியாம அடிச்சா, இதுவும் அந்த வழியாத்தானுங்ணா போகும்."

நாச்சிமுத்துவுக்கு இந்த மாதிரி பதில் புதுசு. இதுக்கு முன்னாடி அவரு திருப்பூர்ல அடிச்சிருக்காரு, வெள்ளகோயில்ல அடிச்சிருக்காரு, ஒருக்கா ஒறம்பரை, அதான் சொந்தக்காரங்க, வூட்டுக்குப் போன எடத்துல கூட அடிச்சிருக்காரு. எல்லாரும் அடிச்சாங்க. எல்லாரும் இனிமே ஒரு குறையும் வராதுன்னாங்க. ஒருத்தரு வண்டிக்கு எலுமிச்சம்பழம் கூட கட்டி விட்டாரு. குளிர் வந்துச்சு, இருந்துச்சு, சொல்லாமப் போயிருச்சு.

குளிர் போனாப் போவுது, வெயில்ல களத்துல நிக்கற மனுசனுக்கு அது ஒரு சங்கதியான்னு நீங்க கேக்கலாம். சங்கதி குளிர் இல்லீங்க. சங்கதி சகலை.

சகலை பேரு தண்டபாணி. ருக்குமணியோட அக்காளைக் கட்டுனவரு. ருக்குமணின்னா நாச்சிமுத்து சம்சாரம். தண்டபாணி வண்டியில முன்னாடி குளிரும், பின்னாடி குளிரும், கால்கிட்டக் கூட குளிரும். அதை அவரு தானா சொல்ல மாட்டாரு. ஒரு துண்டை எடுத்துப் போத்திக்குவாரு. "என்னங்க சளியா"ன்னு யாராவது கேக்கோணும். "இல்லைங்க, நம்ம வண்டியில கொஞ்சம் ஓவராக் குளிரும்"ன்னு அப்பத்தான் சொல்லுவாரு.

போன காதுகுத்துக்குக் கரூர் போறப்ப நடுவழியில நாச்சிமுத்து வண்டியில குளிர் நின்னு போச்சு. ருக்குமணி அஞ்சாறு மைல் பொறுத்துது. முந்தானையில வீசிப் பாத்துது. அப்புறம் வெள்ளகோயில் பஸ் ஸ்டாண்டுல வண்டியை நிறுத்தச் சொல்லி எறங்கி, பின்னாடி வந்த சகலை வண்டியில ஏறிக்கிச்சு. ஒறம்பரை மொத்தமும் பாத்துது. மிச்ச தூரத்துக்கு நாச்சிமுத்து சீர்த் தட்டுகளோட தனியாப் போனாரு. மண்டபத்து வாசல்ல எறங்குறப்ப, பொண்டாட்டி எங்கன்னு கேட்டவங்ககிட்ட எல்லாம், பின்னாடி வருதுன்னு சொன்னாரு. பொய் இல்லை. பின்னாடிதான் வந்துச்சு. துண்டு போத்திக்கிட்டு வந்துச்சு.

இப்ப வைகாசியில திருச்சியில ருக்குமணி அண்ணன் மகளுக்குக் கல்யாணம். ருக்குமணி மொதல்லயே சொல்லீருச்சு. "குளிர் இருந்தா உங்க வண்டி. இல்லீன்னா தண்டபாணி மாமா வண்டி. அங்க வந்து மூஞ்சியைத் தூக்கக் கூடாது."

இதையெல்லாம் நாச்சிமுத்து பட்டறையில சொல்லுவாரா? சொல்லலை.

"அம்மிணி, நீ பண்ணி உட வேண்டாம். ஓட்டையைக் கண்டுபுடிக்க எனக்கே கத்துக்குடு. இனி ஒருத்தன்கிட்டயும் போயி நிக்கக் கூடாது."

பூங்கோதை அவரு வேட்டியைப் பாத்துச்சு. சட்டையைப் பாத்துச்சு. உள்ள போயி ஒரு டப்பாவுல சோப்புத் தண்ணியும் ஒரு பிரஷ்ஷும் கொண்டாந்து கையில குடுத்துச்சு.

தீட்சை முடிஞ்சுது.

"எங்க தேடறது?"

"கேஸு கண்ணுக்குத் தெரியாதுங்ணா. ஆனா அது தனியாப் போகாது. உள்ள இருக்கற எண்ணெயில கொஞ்சத்தைக் கூட்டீட்டுத்தான் போகும். எண்ணெய் வந்த எடத்துல தூசி ஒட்டும். தூசி எங்க கட்டியா இருக்குதோ அங்க தேடுங்."

நாச்சிமுத்து குனிஞ்சாரு. பானட்டுக்குள்ள பொட்டுத் தூசி இல்லை. பைப்பு ஒவ்வொண்ணும் கல்யாண வூட்டுக் குத்துவெளக்காட்டப் பளபளன்னு நிக்குது.

"யாருங்ணா கழுவுனது?"

"நானேதான். காத்தால. உன்ற பட்டறைக்கு வாரமேன்னு ஷாம்பூ போட்டுக் கழுவுனேன்."

பூங்கோதை கொஞ்ச நேரம் ரோட்டுல போற வண்டிகளைப் பாத்துச்சு.

"களவு போன வூட்டைக் கூட்டித் தொடைச்சுக் கோலம் போட்டுட்டு, அப்புறமாப் போலீஸுக்குச் சொல்லி உட்ட மாதிரி இருக்குதுங்ணா."

அப்புறம் ஒரு சிலிண்டர்ல இருந்து பைப்புக்குள்ள காத்தை ஏத்தி உட்டுச்சு. இணைப்பு இருக்கற எடத்துல எல்லாம் சோப்பைத் தடவச் சொல்லுச்சு. ஓட்டை இருந்தா அங்க சோப்பு நொரை முட்டை உடுமாம். நாச்சிமுத்து தடவுனாரு. தடவிட்டு அடுத்த எடத்துக்குத் தாவுனாரு. பூங்கோதை பிரஷ்ஷைப் புடுங்கிக்கிச்சு. தடவுன எடத்தை உத்துப் பாத்துட்டு நிக்கச் சொல்லுச்சு. நிக்கறதுதான் அவருக்குக் கஷ்டம். களத்துல கொப்பரை காயறப்ப ஒரு சுத்துக்கு ஒண்ணு எடுத்து ஒடிச்சுப் பாக்கற மனுசன். சும்மா நின்னு பாத்துப் பழக்கமில்லை.

நின்னாரு. ரேடியேட்டருக்கு முன்னாடி ஜல்லடையாட்டம் ஒண்ணு நிக்குமுங்க, அந்த முன்பக்கத்து ஜல்லடைக்குப் போற பைப்போட கழுத்துல கடுகாட்டம் ஒரு முட்டை வந்துச்சு. பட்டாணியாச்சு. இன்னும் கிட்டக்கப் போயிப் பாத்தாரு. நெல்லிக்காயாச்சு. மூக்குல வெடிச்சுது.

அங்க ஒரு ரப்பர் வளையம் வெடிச்சுப் போயிருந்துச்சு. பூங்கோதை புது வளையத்துக்கு எண்ணெய் தொட்டு அவரு கையாலயே மாட்ட வெச்சுது. கேஸ் அடிச்சுது. குளிர் வந்துச்சு. மார்கழி மாசத்துப் பழனி மலையாட்டம் வந்துச்சு.

நாச்சிமுத்து வூட்டுக்குப் போன நடையே வேற.

ஒரு வாரத்துக்கு அவரு குரு ஆயிட்டாரு. களத்துல சைக்கிள் டயருக்குச் சோப்பு தடவுனாரு. அடுப்படி சிலிண்டருக்குத் தடவுனாரு. குக்கருக்குத் தடவப் போனப்ப ருக்குமணி கரண்டியை எடுத்துது. கொப்பரை ஒடைக்கற ஆளுங்களை உக்கார வெச்சு, "தூசி எங்க ஒட்டுதோ அங்கதாண்டா உண்மை இருக்குது"ன்னு சொன்னாரு. அவங்க மேலெல்லாம் தூசி. சந்தோசப்பட்டாங்க.

சித்திரை பொறந்துது. வெயில் ஏறுச்சு. குளிர் எறங்குச்சு.

எறங்கி, ஒருநாள் வெறுங்காத்தாப் போச்சு.

மறுபடியும் பட்டறை. இந்தத் தடவை சீடன் கோவமா வந்தாரு. நீ போட்ட ரப்பர் சரியில்லைன்னாரு. உன்ற கேஸு தண்ணி கலந்த கேஸுன்னாரு. காங்கேயம் தண்ணியே சரியில்லைன்னாரு. பூங்கோதை சோப்பு டப்பாவை நீட்டுச்சு.

தடவுனாரு. நின்னாரு. ஒரு முட்டை கூட வரலை. குனிஞ்சு, சாஞ்சு, அடியில படுத்து, ஒரு முட்டையும் இல்லை.

பூங்கோதை பம்பைப் போட்டு உள்ள இருந்த காத்தையெல்லாம் உறிஞ்சி எடுத்துச்சு. பைப்பு வாயை அடைச்சு ஒரு மீட்டரை மாட்டுச்சு. எங்கயாவது ஊசி முனை ஓட்டை இருந்தாக்கூட வெளிக்காத்து உள்ள பூந்துரும், முள்ளு நகந்துரும்னு சொல்லீட்டு, ரெண்டு ஸ்டூலு எடுத்துப் போட்டுச்சு. ஒண்ணுல அது உக்காந்துச்சு. ஒண்ணுல அவரு.

குருவும் சீடனும் முள்ளைப் பாத்தாங்க.

டீ வந்துச்சு. குடிச்சாங்க. முள்ளைப் பாத்தாங்க. ஒரு லாரிக்காரரு வழி கேட்டாரு. முள்ளைப் பாத்துட்டே சொன்னாங்க. நாச்சிமுத்து நடுவுல ஒருக்கா மீட்டரைத் தட்டிப் பாக்கக் கையை நீட்டுனாரு. பூங்கோதை தொண்டையைச் செருமுச்சு. கையை மடியில வெச்சுக்கிட்டாரு.

நெழல் பட்டறை வாசலைத் தாண்டிப் போயிருச்சு. முள்ளு நின்ன எடத்துல நின்னுச்சு.

"வண்டியில ஓட்டை இல்லீங்ணா."

"அப்ப கேஸு எங்க போச்சு?"

பூங்கோதை மேல பாத்துச்சு. அவரும் மேல பாத்தாரு. தகரக் கூரையில ஒரு காக்கா நடக்கற சத்தம் கேட்டுது.

"வேற யாராச்சும் வண்டியைத் தொடறாங்களாண்ணா?"

ஒருத்தனும் தொடறதில்லைன்னாரு நாச்சிமுத்து. சாவி இடுப்புலயே இருக்குதுன்னாரு. பெத்த புள்ளையைக் கூட இப்புடிப் பாத்ததில்லைன்னு ருக்குமணி திட்டுற அளவுக்குப் பாத்துக்கறேன்னாரு. சொல்றப்பக் கண்ணு கலங்கிப் போச்சு.

பூங்கோதை கேஸை அடிச்சுது. இந்த வாட்டி கேஸோட ஒரு மையையும் சேத்து உள்ள உட்டுச்சு. பகல்ல பாத்தாத் தெரியாது, இருட்டுல நீல லைட் அடிச்சாப் பச்சையா மின்னும், கேஸு எந்த வழியாப் போனாலும் மை சிந்தீட்டுத்தான் போகும்னு சொல்லுச்சு.

"போனா வாங்ணா."

போகாதுன்னு சொல்லும்னு எதிர்பாத்தாரு. அது போனா வாங்கன்னுது.

வைகாசி வந்துச்சு. கல்யாணத்துக்கு மொத நாள், மத்தியானச் சோத்தை உண்டுட்டுக் கெளம்பறதா ஏற்பாடு. சாயங்காலம் வரவேற்புக்குப் போயிச் சேந்துரோணும். ருக்குமணி பட்டுச்சேலை. கூட எதுத்த வூட்டு மயிலாத்தா. மாடு வெச்சுப் பால் ஊத்தற அம்மா, ருக்குமணிக்குச் சினேகம். பூக்கூடையை மடியில வெச்சுட்டுப் பின்சீட்டுல உக்காந்துது. உக்காந்ததும் தூங்கிப் போச்சு. சகலை தண்டபாணி வண்டி பின்னாடியே நிக்குது. ஆளு துண்டு போத்தீருக்காரு.

நாச்சிமுத்து ஏசியைப் போட்டாரு.

வெதுவெதுன்னு வந்துச்சு. கொப்பரைக் களத்துக் காத்து.

ருக்குமணி கதவுல கை வெச்சுது.

பட்டறை போற வழியிலதான் இருக்குது, ஒரே ஒரு நிமிசம்னு நாச்சிமுத்து கெஞ்சுனாரு. கட்டுன நாள்ல இருந்து அவரு கெஞ்சி ருக்குமணி பாத்ததில்லை. அதைப் பாக்கறதுக்காகவே உக்காந்துக்கிச்சு. சகலையும் பின்னாடியே வந்தாரு. வேடிக்கைக்கு அவருக்குத் தனியா அழைப்பு வேண்டியதில்லை.

பூங்கோதை வண்டியை உள்ள உடச் சொல்லி ஷட்டரை எறக்குச்சு. கும்மிருட்டு. பின்சீட்டுல மயிலாத்தாவோட குறட்டை மட்டும் சீரா வருது. பூங்கோதை நாச்சிமுத்துவுக்கு ஒரு மஞ்சக் கண்ணாடியை மாட்டி, நீல லைட்டைக் கையில குடுத்துச்சு. தேடச் சொல்லுச்சு.

சீடன் லைட்டைப் போட்டாரு. போட்ட உடனே கத்துனாரு.

"கண்டுட்டேன் அம்மிணி. ஆறா ஓடிக் கெடக்குது. தரை வரைக்கும் பளபளங்குது."

"அது உங்க வேட்டிங்ணா. சொட்டு நீலம் போட்டது அப்படித்தான் மின்னும். தள்ளி நின்னு உள்ள அடிங்."

சகலை துண்டால வாயைப் பொத்திக்கிட்டாரு.

உள்ள அடிச்சாரு. முன்பக்கத்து ஜல்லடை, இருட்டு. அவரு மாட்டுன ரப்பர் வளையம், இருட்டு. இன்ஜினுக்கு அடியில, மூலையில, பைப்பு வளையற எடத்துல, ஒரு பொட்டு பச்சை இல்லை. ருக்குமணி பெருமூச்சு உட்டுது. அந்த மூச்சுக்கு அர்த்தம் என்னன்னு ஒரு புருசனுக்குத் தெரியாதா.

"எங்கதான் அம்மிணி ஓட்டை? இன்னிக்காச்சும் வாயைத் தொறந்து சொல்லீரு. என்ற மானம் இந்தப் பானட்டுக்குள்ள இருக்குது."

பூங்கோதை லைட்டை வாங்குச்சு. கேஸ் அடிக்கற பைப்பு மேல சின்னதா ஒரு கறுப்பு மூடி இருக்குமுங்க, கட்டைவெரல் தண்டி, அதுக்கு நேரா அடிச்சுது. மூடியைச் சுத்திப் பச்சை. நல்ல கிளிப் பச்சை.

அப்புறம் லைட்டை மெதுவாத் திருப்பி நாச்சிமுத்து வலது கைக்கு அடிச்சுது.

கட்டைவெரல் மின்னுச்சு. நகக்கண்ணு வரைக்கும் கிளிப் பச்சை.

"ஏனுங்க, மருதாணியா வெச்சீங்க?"ன்னு ருக்குமணி கேட்டுது.

நாச்சிமுத்து அந்த வெரலை, வேற யாரோ வூட்டு வெரலை வழியில கண்டெடுத்த மாதிரி பாத்தாரு. வேட்டியில தொடைச்சாரு. போகலை. வேட்டியிலயும் ஒட்டுச்சு.

பூங்கோதை அந்தக் கறுப்பு மூடியைக் கழட்டுச்சு. உள்ள ஒரு சின்ன ஊசி தெரிஞ்சுது. கேஸ் அடிக்கற கடைக்காரங்ககிட்ட ஒரு பழக்கமுங்க. அடிச்சு முடிச்சதும் வண்டிக்காரரைக் கூப்புட்டு அந்த ஊசியை ஒரு அமுக்கு அமுக்கிக் காட்டுவாங்க. சத்தம் வந்தா கேஸு இருக்குதுன்னு ஒரு திருப்தி.

பூங்கோதை ஒரு எட்டு தள்ளி நின்னு, ரொம்ப சாதாரணமாக் கேட்டுது.

"கேஸு மிச்சம் மீதி ஏதாச்சும் இருக்குதுங்களாண்ணா?"

"இரு அம்மிணி, பாத்துச் சொல்றேன்."

வெரலு யாரையும் கேக்கலை. இருட்டுல நேரா அந்த ஊசிக்குப் போயி ஒரு அமுக்கு அமுக்குச்சு.

புஸ்ஸ்ஸ்.

குறட்டை நின்னுச்சு. பின்சீட்டுல இருந்து மயிலாத்தா திடுக்குன்னு எந்திரிச்சு, பூக்கூடையைப் பால் போசின்னு நெனைச்சுக் கையில எடுத்துட்டுக் கதவைத் தொறந்து எறங்குச்சு.

"அடக் கருமமே, அதுக்குள்ள விடிஞ்சுருச்சா? தெனம் காத்தால கேஸு இருக்குதான்னு நாச்சிமுத்தண்ணன் இதை நாலு அமுக்கு அமுக்குவாரு, அது கேட்டாத்தான், ருக்கு, என்ற மாட்டுக்கே பால் எறங்கும்."